சாவி

அறுபது கதிர் எண்ணி முடித்தாயிற்று.
உமியை நகத்தால் பிளந்து
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து
உள்ளே அரிசி உண்டா, இல்லையா.
காப்பீட்டு அலுவலகத்துக்கு வேண்டியது
ஒரே ஒரு எண்.

ஜூலையில் பன்னிரண்டு நாள்
கடலிலிருந்து யமாசே வீசியது.
குளிர்காற்று என்றால் போதாது.
பொதிப் பருவத்தில், கதிர் இன்னும்
தாளுக்குள் சுருண்டிருக்கையில் வந்து
பூக்குமுன்பே மகரந்தத்தைக் கொன்றுவிட்டுப் போகும்.
பயிர் அப்புறமும் பச்சையாகத்தான் நிற்கும்.
யாருக்கும் ஒன்றும் தெரியாது,
செப்டம்பர் வரை.

மணி பிடித்த கதிர் தலை சாயும்.
இந்த வயலில் அத்தனையும் நிமிர்ந்து நிற்கின்றன,
வகுப்புப் புகைப்படத்துக்கு நிற்கும்
பிள்ளைகள் மாதிரி.

தொமாபெச்சி இரண்டு கட்டு அறுத்தார்.
ஒன்றை என் பையில் திணித்தார்.
மற்றதைத் தோளில் போட்டுக்கொண்டு,
“வாருங்கள் நிஷிகோரி-சான், வழியில்தான்.
இரண்டு அலுவலகத்திலும்
இன்றைக்கே மனு கொடுத்துவிடலாம்.”

வழியில் இல்லை.
மேட்டின்மேல், நூற்றுப் பதினாறு படி.
சிவப்பு உரிந்த தோரி வாயில்கள்,
ஒவ்வொன்றின் காலிலும் கொடுத்தவர் பெயர்:
டிராக்டர் கடை, பல் மருத்துவர்,
மூடிப்போன ஒரு நூற்பாலை.
இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்த தொமாபெச்சி
ஒரு இடத்திலும் நிற்கவில்லை.
நான்தான் மூன்று இடத்தில் நின்றேன்.

இனாரி கோயில்.
பலகை முந்நூறு வருஷம் என்கிறது.
முந்நூற்று நாற்பது என்கிறார் கனெசாகி,
பள்ளிப் பேருந்து ஓட்டியது போக
மீதி நேரத்தில் இங்கே பெருக்குகிறவர்.

வாசலில் இரண்டு கல் நரிகள்.
வலப்பக்கத்து நரிக்கு ஒரு காது இல்லை.
இடப்பக்கத்து நரியின் வாயில் சாவி.
“களஞ்சியத்துச் சாவி,” என்றார்.
என் பைக்குள்ளும் சாவி.
கீழே வயல் முழுக்கச் சாவி.
பூட்டுத்தான் எங்கேயும் காணோம்.

பழைய காணிக்கைக் கணக்கு இருக்கிறது என்றார்.
கணக்கு என்றால் என் கை சும்மா இருக்காது.
பூச்சி அரித்த தாள், தூரிகை எழுத்து,
வருஷத்துக்கு ஒரு வரி.

புதுநெல், இரண்டு மூட்டை.
புதுநெல், ஒரு மூட்டை. மீன் ஐந்து.
தினை.
வைக்கோல்.
ஒன்றுமில்லை. வந்தோம்.

அடுத்த வருஷமும் அதே கை,
மையில் தண்ணீர் கூடியிருக்கிறது:
வந்தோம்.

அதற்கடுத்த வரி
வேறு ஒருவரின் எழுத்து.

சதவீதத்துக்கு அதில் கட்டமே இல்லை.

தொமாபெச்சி தன் கட்டை
சாக்கேப் புட்டிக்கும் பொரித்த டோஃபுவுக்கும்
நடுவே வைத்தார்.
அங்கேயும் அவை நிமிர்ந்தேதான் நின்றன.
மணிக்கயிற்றை ஆட்டினார்.
இரண்டு முறை குனிந்தார். இரண்டு முறை கைதட்டினார்.
கடைசிக் குனிதலில்
முதுகு போன தூரம் போய்
அங்கேயே நின்றுவிட்டார்.
எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல்
சட்டைப் பையில் சில்லறை தேடினேன்.

ஐந்து யென். நடுவில் ஓட்டை.
ஓரத்தில் அச்சடித்த நெற்கதிர்,
மணி பிடித்து, வளைந்து.
இந்த வட்டாரத்தில் இந்த வருஷம்
நான் பார்த்த ஒரே முற்றிய கதிர்
மரப்பெட்டிக்குள் விழுந்து சத்தம் போட்டது.

காரில் உட்கார்ந்து படிவத்தை முடித்தேன்.
காரணம்: குளிர். சேதம்: எண்பத்தொன்று.
பதினோரு வருஷத்தில் ஒருமுறையும் நிரப்பாத
குறிப்புக் கட்டத்தின் மேல்
பேனா கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு மூடிவிட்டேன்.

ஜன்னலில் குனிந்து கேட்டார்:
“பணம் எப்போது வரும்?”
“டிசம்பர் கடைசியில்.”
மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
“பரவாயில்லை. அங்கே தேதியே சொல்வதில்லை.”
சிரித்தாரா என்று சொல்லமுடியாது,
மழை பிடித்துக்கொண்டது.

இரவு கை கழுவும்போது பார்த்தேன்,
கட்டைவிரல் நகத்தடியில்
ஒரு உமி.